அஞ்சலை எழுதிய மூன்று வரி

என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த ஒரு பெண் எழுதிய முடிவுரையை எடுத்து, என் மகன் எழுதிய கட்டுரையின் அடியில் சேர்த்து, அவன் பெயரில் போட்டிக்கு அனுப்பினேன். மூன்று வரிதான். அந்த மூன்று வரியால் என் மகன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தான். அந்தப் பெண் எட்டாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல இனி எனக்கு வயதில்லை.

சென்ற மாதம் இரண்டு இளம் ஆசிரியைகள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பயிற்சித் தாள். விலங்குகளைப் பற்றி ஐந்து கேள்வி, ஐந்து பதில், அடியில் முடிவுரை அச்சிட்டே இருந்தது. விலங்கின் பெயருக்கு மட்டும் கோடிட்ட இடம். மற்றபடி ‘பேணிப் பாதுகாப்பது நம் கடமையாகும்’ என்று எல்லா விலங்குக்கும் ஒரே வரி.

“பிள்ளைங்க எல்லாத்துக்கும் இதையே எழுதுதுங்க சார். நீங்க முடிவுரை நடத்துறதுல பேர் வாங்கினவருன்னு சொன்னாங்க. எப்படி நடத்தினீங்க?” என்று கேட்டார்கள்.

எப்படி நடத்தினேன் என்று ஒரு மணி நேரம் சொன்னேன். அந்தப் பேரை எப்படி வாங்கினேன் என்று சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு அது உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சிப் பள்ளியின் இரண்டு ஆண்டுகளில் முடிவுரை பற்றி எனக்குக் கற்பித்தது ஒரே வாக்கியம்: “முடிவுரை சுருக்கமாகவும் பயனுள்ளதாகவும் இருத்தல் வேண்டும்.” அதை நம்பிக்கொண்டுதான் பத்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில், குரும்பலூருக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். பசு, ஆடு, யானை, எதைப் பற்றி எழுதினாலும் “பேணிக் காப்போம்” என்று முடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பையன் கொசுவைப் பற்றி எழுதிவிட்டு, “இத்தகைய கொசுவை நாம் பேணிக் காப்போம்” என்று முடித்திருந்தான். நான் படிக்காமலேயே சரி போட்டிருந்தேன்.

அது தலைமையாசிரியர் கண்ணில் பட்டது. அவரைப் பெரிய சார் என்போம். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் கட்டுரை நோட்டுகளைத் தம் மேசைக்குக் கொண்டுவரச் சொல்வார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் எழுதாத தபால் அட்டை இருக்கும். அதை எடுத்துக் கட்டுரையின் மேல் வைத்து, கடைசிப் பத்தி மட்டும் தெரியும்படி மூடுவார். பிறகு ஆசிரியரைப் பார்ப்பார்.

“இது எந்த மிருகம் சார்?”

“பசு சார்.”

“கழுதைன்னாலும் பொருந்துதே.”

அவ்வளவுதான். நோட்டை நம் பக்கம் ஓர் அங்குலம் தள்ளுவார். அந்த ஓர் அங்குலத்துக்கு நாங்கள் பயந்தோம்.

அட்டையைத் தாண்டி வந்த முடிவுரைக்கு இரண்டாவது சோதனை உண்டு. பென்சிலை எடுத்து, முடிவுரையின் ஒவ்வொரு வரியிலிருந்தும் மேல்நோக்கி ஒரு கோடு இழுப்பார். அந்த வரி எந்தத் தகவலிலிருந்து பிறந்ததோ அங்கே போய்க் கோடு நிற்க வேண்டும். “ஒவ்வொரு வரிக்கும் மேல ஒரு தாய் இருக்கணும் சார். தாய் இல்லாத வரி அடுத்த வூட்டுலேருந்து ஓடி வந்தது” என்பார். இதைப் பிள்ளைகளிடமும் சொல்லியிருந்ததால், “உன் வரிக்குத் தாய் இல்லடா” என்று அவர்களே ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள்.

நான் அதிலிருந்து என் முறையை அமைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விலங்கை ஏழு நாள், ஒரே நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒரு வரி. கேள்விப்பட்டது கூடாது, கண்டதுதான். எட்டாம் நாள் ஏழு வரியையும் உரக்கப் படிக்கச் சொல்லி, “இதைப் படிக்காதவனுக்குத் தெரியாத ஒண்ணு இப்ப உனக்குத் தெரியுதா? அதை மட்டும் எழுது” என்பேன். ‘காப்போம்’, ‘போற்றுவோம்’, ‘வேண்டும்’ மூன்றுக்கும் தடை. பெரம்பலூர் பஸ் நிற்கும் இடத்து டீக்கடை நாயைப் பார்த்த ஒருவன் இப்படி முடித்தான்: “பஸ் சத்தத்துக்கு இந்த நாய் காதைக்கூட அசைக்காது. வடைத் தட்டு இறக்கும் சத்தத்துக்கு எழுந்து நிற்கும். ஆகவே அது தூங்கவில்லை.” பெரிய சார் அதைப் படித்துவிட்டு அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வகுப்பில்தான் அஞ்சலை இருந்தாள். அவள் அப்பா கிடை போடுகிறவர். அறுவடை முடிந்த வயல்களில் இரவில் ஆட்டை மடக்கி நிறுத்தினால் புழுக்கையும் மூத்திரமும் எருவாகும். அதற்காக ஊர் ஊராகப் போகும் குடும்பம். பள்ளிக்காக அவளை மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். சனி, ஞாயிறும் லீவு நாட்களும் கிடையில் இருப்பாள். திங்கட்கிழமை வகுப்புக்குள் வந்தால் பின்வரிசைப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “கெடா வருது, வழி வுடுங்கடா” என்பார்கள். அவளும் விட மாட்டாள். “கெடா முட்டுனா தெரியும், ஒதுங்கு” என்று சொல்லிவிட்டு உட்காருவாள்.

அந்த முறை காலாண்டு விடுமுறையில்தான் ஏழு நாள் வேலை. அவள் செம்மறி ஆட்டைப் பற்றி எழுதினாள். மேய்ச்சல் முடிந்து தாய்கள் வந்ததும், குட்டிகளைக் கவிழ்த்து மூடியிருக்கும் பெரிய மூங்கில் கூடையைத் தூக்கிவிடுவார்கள். ஒவ்வொரு தாயும் பால் குடிக்க வரும் குட்டியின் வாலடியை மோந்து பார்த்த பிறகே விடும். இது முதல் நாள். இரண்டு கண்ணும் வெளுத்துப்போன ஒரு கிழட்டு ஆடு தன் குட்டியைத் தவறாமல் கண்டுபிடித்தது, இரண்டாம் நாள். காயத்துக்கு வேப்பெண்ணெய் தடவிய குட்டியை அதன் தாயே முட்டித் தள்ளியது. எண்ணெய் வாடை போனதும் சேர்த்துக்கொண்டது. தாய் செத்துப்போன ஒரு குட்டியின் முதுகில், செத்த வேறொரு குட்டியின் தோலை அவள் அம்மா கட்டிவிட்டாள். தோலுக்குரிய குட்டியைப் பறிகொடுத்த ஆடு அதற்குப் பால் கொடுத்தது. இப்படியே ஏழு நாள். பிறகு முடிவுரை:

“தாய் ஆடு குட்டியைக் கண்ணால் பார்த்துச் சேர்ப்பதில்லை, மோந்து பார்த்துச் சேர்க்கிறது. மணம் மாறினால் தன் குட்டியையும் தள்ளும், மணம் சேர்ந்தால்தான் பிறர் குட்டியைக் கொள்ளும். ஆகவே தாயில்லாத குட்டியைப் பிழைக்க வைக்க நினைப்பவர் முதலில் அதன் மணத்தை மாற்ற வேண்டும்.”

கடைசி ‘வேண்டும்’ மேல் என் சிவப்புப் பேனா போனது. அடிக்க முடியவில்லை. நான் தடுத்த சொல்லுக்கு அவள் ஒரு தாயைக் காட்டியிருந்தாள்.

அந்தச் சமயம் பெரிய சார் மனைவியின் அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் திருச்சியில் இருந்தார். பொறுப்பு என்னிடம். அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. விலங்கு ஒன்றைப் பற்றி மாணவரே கண்டறிந்து எழுதிய கட்டுரை, பள்ளிக்கு ஒன்று. மாவட்டத்தில் தேர்வாகிறவருக்கு எஸ்.எஸ்.எல்.சி. வரை திருச்சியில் விடுதியோடு படிப்பு. அதை வகுப்பிலும் படித்துக் காட்டினேன். எங்கள் ஊரில் எட்டாவதுக்கு மேல் இல்லை. யாரை அனுப்புவது என்று யோசிக்கவே வேண்டாம்.

என் மகன் மதியழகனும் அதே வகுப்புதான். அவனும் ஆட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தான். வீட்டுப் பிள்ளை என்பதால் அவன் ஏழு நாள் பார்த்தானா என்று நான் கேட்கவில்லை. ஆட்டுக்கு நான்கு கால், இலை தழை தின்னும், எரு தரும், இவ்வளவுதான் இருந்தது. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

ஆட்டுக்காரர் வீட்டுப் பெண்ணை எப்படியும் திருச்சிக்கு அனுப்ப மாட்டார்கள், இடம் வீணாகப் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அப்பாவைக் கேட்கவில்லை. கேட்டால் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் இருந்தது. முழுக் கட்டுரையையும் எடுத்தால் திருட்டு, மூன்று வரி எடுத்தால் திருத்தம் என்று ஒரு வரம்பும் வைத்துக்கொண்டேன். மதியழகனைக் கூப்பிட்டு, “கடைசிப் பத்தியை இப்படி மாத்தி எழுது” என்றேன். எழுதினான். அஞ்சலையின் நோட்டை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அனுப்புவதற்கு முந்தின நாள் பெரிய சார் திரும்பிவிட்டார். கையெழுத்துக்காகக் கட்டுரையை அவர் முன் வைத்தேன். அட்டையை வைத்தார். முடிவுரையை இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது. பென்சிலை எடுத்தார். முதல் வரியிலிருந்து மேலே போன பென்சில் நிற்க இடமில்லாமல் தாளின் மேல் விளிம்பு வரை போய்த் திரும்பியது.

“மணம் மாறினா தள்ளும்கிறான். எங்க சார் பாத்தான்?”

“கிடைக்குப் போய்ப் பாத்தான் சார். எழுத எடம் பத்தல.”

அவர் தாளின் அடியில் வெறுமையாக இருந்த பாதிப் பக்கத்தைப் பார்த்தார்.

“எடம் பத்தலையா.”

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

“நீங்க சரி பாத்துட்டீங்களா சார்?”

“பாத்துட்டேன் சார்.”

“அப்ப சரி” என்று கையெழுத்துப் போட்டார். தாளை என் பக்கம் ஓர் அங்குலம் தள்ளினார். நான் எடுத்துக்கொண்டேன்.

தேர்வானது. கடைசிப் பத்தியை மட்டும் படித்திருப்பார்கள். அங்கே பென்சில் பிடிக்க யாருமில்லை. ஒரு திங்கட்கிழமை பிரேயரில் மதியழகன் கட்டுரையை வாசித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். இடைவேளையில் அஞ்சலை என்னிடம் வந்தாள். கோபமாக வரவில்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்க வந்தாள்.

“சார், மதியழகனும் எங்க கிடைக்கு வந்தானா?”

“ஏம்மா?”

“மணம் மாறித் தள்ளும்னு அவன் படிச்சது, வேப்பெண்ணெய் தடவுன எங்க குட்டிதான் சார். அவன் வந்து நான் பாக்கலியே.”

“முடிவுரை எல்லாருக்கும் பொதுதாம்மா” என்றேன்.

இரண்டு ஆண்டு நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு நேர் எதிரானது அந்த வாக்கியம். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, “என் நோட்டு சார்?” என்றாள்.

“காணோம்மா. தேடிப் பாக்குறேன்.”

அதற்குப் பிறகு எட்டாவது முடியும்வரை அஞ்சலை எழுதிய கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பார்த்தது, கண்டது அத்தனையும் ஒழுங்காக இருக்கும். கடைசியில் ‘முடிவுரை’ என்று தலைப்பு எழுதி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டிருப்பாள். கீழே நான்கு வரி இடம் வெறுமையாக விட்டிருப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் குறைத்தேன். குறைக்காமல் விட்டிருந்தால் ஏன் குறைக்கவில்லை என்று எனக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரிய சார் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நான் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனபோது, “உங்க வகுப்பை நீங்களே பாத்துக்கங்க சார்” என்றார். ஓய்வு பெறும்வரை என் வகுப்பு நோட்டு ஒன்றின்மேலும் அவர் அந்த அட்டையை வைக்கவில்லை. வெளியே எனக்கு நல்ல பேர். மாவட்டத்தில் தேர்வான பையனை உருவாக்கியவர் என்று.

பத்து ஆண்டு போயிற்று. மதியழகன் படித்து, ஒரு சிமெண்டு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். நான் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியர் ஆனேன். முதல் வெள்ளிக்கிழமை என் மேசைக்கு நோட்டுகள் வந்தன. நானும் ஒரு தபால் அட்டை வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்து ஒரு குழந்தையின் கட்டுரைமேல் வைக்கக் கை வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் சட்டை மடித்துக்கொண்டிருந்தான், நிறுத்தவில்லை.

“தெரியும்ப்பா.”

“என்னடா தெரியும்?”

“அவளோடதுன்னு அன்னைக்கே தெரியும். நீங்க என்னைக்குக் கிடைப்பக்கம் போனீங்க?” அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே, “ஹாஸ்டல்ல ஒரு பயலும் என்னைக் கட்டுரை எழுதச் சொல்லிடக் கூடாதேன்னு நாலு வருஷம் பயந்துகிட்டே கெடந்தேன்” என்றான்.

கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வராததால் நேரில் போனேன். “அந்தப் பழைய ஃபைலெல்லாம் இப்ப இல்லீங்க சார், விடுங்க” என்றார் எழுத்தர். அவர் சொன்னபடி விட்டுவிடலாம் என்று ஆசையாகத்தான் இருந்தது.

தை அறுவடை முடிந்து கிடைகள் விக்கிரமங்கலம் பக்கம் இறங்கியிருப்பதாகத் தெரிந்து பஸ் ஏறினேன். பையில் அவள் நோட்டு. விசாரித்துப் போனால் தாளடி வயலில் நூறு ஆட்டுக்கு நடுவில் நின்றாள். தழை பறிக்கும் தொரட்டியைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க சார்” என்றாள். சொல்ல வந்ததை நின்றபடியே சொன்னேன். நோட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

“காணோம்னு சொன்னீங்க.”

“பொய் சொன்னேன்.”

“எங்கப்பா டிரங்குப் பெட்டி வாங்கி வெச்சிருந்தாரு சார். நீ எழுதுனதை யாரும் எழுதியிருக்க மாட்டாங்க, உன்னைத்தான் கூப்புடுவாங்கன்னு. இப்ப அதுலதான் ஆட்டு மருந்து கெடக்குது.”

தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம், நான் சொல்லித் தருகிறேன், செலவு என்னுடையது என்றேன். “ஊரு ஊராப் போறவ எந்த ஊர்ல சார் ஒக்காந்து படிக்க? ரெண்டு புள்ளைங்க வேற” என்றாள். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, “அவன் பிரேயர்ல படிச்சான்ல, அதே எடத்துல நீங்க படிங்க. எம்பேரைச் சொல்லி” என்றாள்.

பழைய பள்ளிக்குப் போய், அங்கே அப்போது இருந்த தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். “பிள்ளைங்க முன்னாடியா சார்?” என்று தயங்கினார். பிறகு சரி என்றார். ஒரு திங்கட்கிழமை அதே கொடிக்கம்பத்தடியில் நின்று, நான் செய்ததைச் சொல்லிவிட்டு, அஞ்சலையின் கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்தேன். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

“அந்த அக்கா இப்ப என்ன சார் பண்றாங்க?”

“ஆடு மேய்க்கிறாங்க.”

“அவங்க டீச்சர் ஆயிருப்பாங்களா சார்?”

“ஆயிருப்பாங்க” என்றேன்.

மறுநாளே மீண்டும் விக்கிரமங்கலம் போய் நடந்ததைச் சொன்னேன். எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், கடைசிவரை படித்தேனா என்று கேட்டாள். பிறகு தானாகவே கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடி உதடு அசையப் படித்தாள். பத்து வருடத்துக்கு முந்தைய தன் கையெழுத்தின்மேல் விரலை வைத்து நிறுத்தினாள்.

“ரெண்டாவது வரி தப்பு சார்.”

“தப்பா?”

“மணம் சேந்தாத்தான் பிறத்தியான் குட்டியைக் கொள்ளும்னு எழுதியிருக்கேன். அது இல்ல. ஈன நாள் நெருங்குன ஆடு மோந்துல்லாம் பாக்காது. எந்தக் குட்டி கெடச்சாலும் நக்கிக் குடுத்து இழுத்து வெச்சுக்கும். பெத்தது கத்திக்கிட்டே நிக்கும். அப்ப எனக்குத் தெரியாது, ஏழு நாள்தானே பாத்தேன். மாத்தி எழுதுங்க சார், சொல்றேன்.”

வரப்பில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லப் பழைய முடிவுரைக்குக் கீழே எழுதினேன். வாங்கிப் படித்துவிட்டு ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

“இதுக்குத் தாய் இருக்கா, பாருங்க சார்.”

பெரிய சார் மாதிரி விரலை மேலே கொண்டுபோனேன். அந்தத் தாளில் இருந்த ஏழு நாளில் அது இல்லை.

“தாள்ல இல்லம்மா.”

“இங்க வாங்க” என்று கூட்டிக்கொண்டு போனாள். மந்தையின் ஓரத்தில் வயிறு தொங்கிய ஓர் ஆடு இன்னும் ஈனவில்லை. அது ஈரம் காயாத ஒரு குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. நாலடி தள்ளி இன்னொன்று நின்று கத்திக்கொண்டிருந்தது. அஞ்சலை குட்டியைத் தூக்கி, கத்திய ஆட்டின் முன்னால் விட்டாள். “ஒடனே விட்டாத்தான் சார் சேக்கும். ஒரு பொழுது போயிட்டா, பெத்ததே மோந்து பாத்துட்டு ஒதுங்கிரும்.” ஆடு குட்டியின் வாலடியை மோந்தது. சேர்த்துக்கொண்டது.

கண்டதை எட்டாம் நாள் என்று போட்டு எழுதினேன். நோட்டை அவளிடமே கொடுக்கப் போனேன். “எனக்கெதுக்கு சார், ஆடு தின்னுரும். பள்ளிக்கூடத்துல குடுங்க, அந்தப் புள்ளைங்க படிக்கட்டும்” என்றாள். அப்படியே கொடுத்தேன். அடுத்த முறை கிடை குரும்பலூர்ப் பக்கம் வந்தபோது, ஆறு பிள்ளைகள் ஏழு நாளும் போய்ப் பார்த்து எழுதியதாகத் தலைமையாசிரியை சொன்னார்.

அன்று வயலில் நோட்டை மூடுவதற்கு முன் முதல் பக்கத்தைத் திருப்பினேன். நான் பூட்டி வைக்கும்போது பெயர் எழுதிய மேலட்டையைக் கிழித்துவிட்டதால் நோட்டில் பெயர் இல்லாமல் இருந்தது. தலைப்பெழுத்தைக் கேட்டு, அப்பா பெயரின் முதலெழுத்தோடு அவள் பெயரை எழுதினேன். அவள் குனிந்து பார்த்தாள். மந்தை நகரத் தொடங்கியது. தொரட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.